பரதேசியும் பாரிஷும்
நோயுற்ற அந்நியனைக் குறித்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவன், விசாவின் காலம் முடிந்த பின்னும் திரும்பிச் செல்லாமல் தங்கிவிடுகிறான். அவன் நோயுற்றால், மக்களின் வரிப்பணத்தால் நடைபெறும் மருத்துவமனை அவனுக்குச் சிகிச்சை அளிக்கக் கடமைப்பட்டதா? செல்வ நாடுகள் பலவற்றில் இக்கேள்வி சட்டமன்றங்களிலும் தேர்தல் மேடைகளிலும் காரசாரமாக விவாதிக்கப்பட்டு வருகிறது. ஒருசாரார் இதைக் கருணையின் கேள்வி என்கின்றனர். மறுசாரார் இதைக் கணக்கின் கேள்வி என்கின்றனர்.

இது அரசியலாரும் பொருளியலாரும் தீர்க்கவேண்டிய சிக்கல், இறையியல் மாணவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அவ்வாறு ஒதுங்கிக்கொள்ள நமக்கு உரிமை இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. அந்நியனைப் பேணும் மருத்துவமனையை உலகிற்கு அளித்தவர்களில் திருச்சபைக்கு முதன்மையான இடம் உண்டு. அதே திருச்சபையின் பெயரால், அதன் ஊழியர் கையால், நோயுற்ற அந்நியன் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டதும் உண்டு. இவ்விரண்டும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும் வரலாறு இங்கிலாந்தின் வரலாறு. ஆதலால் அந்நாட்டையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

1. பரதேசிகளின் சபை

பேதுருவின் முதலாம் நிருபம் விசுவாசிகளை அந்நியர் என்றும் பரதேசிகள் என்றும் அழைக்கிறது (1 பேதுரு 2:11). அங்குள்ள கிரேக்கச் சொற்களில் ஒன்று ‘பரொய்கொஸ்’. ஒரு நகரத்தில் குடியிருந்தும் அந்நகரத்தின் குடியுரிமை பெறாதவனை அச்சொல் குறித்தது. அவ்வாறு தங்கியிருக்கும் நிலைக்கு ‘பரொய்கியா’ என்று பெயர் (1 பேதுரு 1:17). முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோமாபுரிச் சபை கொரிந்து சபைக்கு எழுதிய கடிதத்தில், இரு சபைகளும் தத்தம் நகரங்களில் பரதேசியாய்த் தங்கியிருப்பவை என்றே குறிக்கப்படுகின்றன. நாளடைவில் ‘பரொய்கியா’ என்னும் சொல் ஓரிடத்துச் சபைக்கே பெயராயிற்று. அது இலத்தீன் வழியாகவும் பிரெஞ்சு வழியாகவும் சென்று ஆங்கிலத்தில் ‘பாரிஷ்’ ஆயிற்று. எனவே பாரிஷ் என்பதன் மூலப்பொருள் அந்நியரின் கூட்டம் என்பதேயாகும்.

நம் தாய்மொழியில் இச்சொல்லுக்கு நேர்ந்ததையும் இங்கே கருதவேண்டும். ‘பரதேசி’ என்பது நம் வேதாகமத்தில் விசுவாசியின் பட்டப்பெயர். நம் தெருக்களிலோ அது வசைச்சொல். ஞாயிறு காலையில் அதை வாசித்து ஆமென் சொல்லும் நாமே, திங்கட்கிழமை அதைக் கொண்டு ஒருவனை இகழ்கிறோம். சொல்லுக்கு நேர்ந்த இவ்வீழ்ச்சி, சொல்லோடு நின்றுவிடவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

2. அந்நியர் இல்லம்

நான்காம் நூற்றாண்டில் கிழக்கத்திய சபைகள் ‘செனொதொகெயொன்’ என்னும் இல்லங்களை நிறுவத் தொடங்கின. அந்நியரை ஏற்கும் இடம் என்பது இதன் பொருள். கப்பதோக்கியாவின் செசரியாவில் 369ஆம் ஆண்டளவில் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. அந்நாள்களில் ஏழைகளுக்கு உணவளித்த பசிலியு, 370இல் பேராயரான பின்னர் நகருக்கு வெளியே ஒரு பெரும் இல்லத்தை எழுப்பினார். வழிப்போக்கரும் நோயாளரும் குஷ்டரோகிகளும் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டனர். மருத்துவர்களும் பணிவிடைக்காரரும் அங்கே இருந்தனர். இவ்வில்லம் குறித்து எழுந்த குற்றச்சாட்டுகளுக்கு விடையாக, மாகாண ஆளுநர் எலியாவுக்குப் பசிலியு எழுதிய கடிதம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. அந்நியருக்குத் தங்குமிடமும் நோயாளருக்குப் பராமரிப்பும் அளிப்பதால் யாருக்கு என்ன தீங்கு என்று அவர் அதில் வினவுகிறார்.

திருச்சபையின் பகைவனும் இதற்குச் சான்று பகர்ந்தான். கிறிஸ்தவத்தைக் கைவிட்ட பேரரசன் யூலியான், கலாத்தியாவின் தலைமைப் பூசாரியான அர்சாக்கியுவுக்கு 362ஆம் ஆண்டளவில் எழுதிய மடலில், கலிலேயர் தங்கள் ஏழைகளை மட்டுமன்றிப் பிறருடைய ஏழைகளையும் தாங்குகின்றனர் என்று மனம் வெதும்பினான். நகர்தோறும் அந்நியர் இல்லங்களை ஏற்படுத்துமாறும் அவன் கட்டளையிட்டான். ‘தங்கள் ஏழைகளை மட்டுமன்றி’ என்பதே இதில் கவனிக்கத்தக்கது. தன் இனத்தாரைப் பேணுவது எச்சமுதாயத்திற்கும் இயல்பு. பகைவனை வியக்கச் செய்தது அந்த எல்லையை மீறிய பராமரிப்பே. ஆங்கிலத்தில் மருத்துவமனைக்கு வழங்கும் ‘ஹாஸ்பிட்டல்’ என்னும் பெயரும் விருந்தினனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியே பிறந்தது. இவ்வகையில் பாரிஷ், மருத்துவமனை ஆகிய இரண்டு பெயர்களின் வேரிலும் அந்நியனே நிற்கிறான்.

3. பாரிஷின் எல்லை

இனி இங்கிலாந்திற்கு வருவோம். சீர்திருத்த காலத்தில் எட்டாம் ஹென்றி துறவியர் மடங்களைக் கலைத்தபோது, அவற்றைச் சார்ந்திருந்த நோயாளர் இல்லங்கள் பலவும் அழிந்தன. ஏழைகளைத் தாங்கும் பொறுப்பு படிப்படியாகப் பாரிஷின்மேல் விழுந்தது. 1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் இதனை நாடெங்கும் ஒழுங்குபடுத்தியது. ஒவ்வொரு பாரிஷிலும் சர்ச் வார்டன்களும் ஏழையரின் மேற்பார்வையாளரும் வரி திரட்டி, முதியோர், அநாதைகள், நோயாளர் ஆகியோருக்கு உதவவேண்டும். மருந்து, மருத்துவர் கூலி, பணிவிடைப் பெண்ணின் கூலி ஆகியவையும் பல பாரிஷ்களில் இவ்வரியிலிருந்தே கொடுக்கப்பட்டன. இது சிறந்த ஏற்பாடே. ஐரோப்பாவில் இதற்கு இணையானவை அந்நாளில் மிகச் சிலவே.

ஆனால் வரி திரட்டப்பட்டவுடன், அவ்வரியைப் பெறத் தகுதியுள்ளவன் யார் என்னும் கேள்வியும் எழுந்தது. இரண்டாம் சார்லசின் ஆட்சியில் 1662ஆம் ஆண்டு நிறைவேறிய குடியமர்வுச் சட்டம் இதற்கு விடை கூறிற்று. ஒவ்வொரு மனிதனும் ஏதேனும் ஒரு பாரிஷைச் சேர்ந்தவன். ஆண்டிற்கு 10 பவுனுக்குக் குறைந்த வாடகையுள்ள வீட்டில் குடியேறும் புதியவன் பிற்காலத்தில் பாரிஷுக்குச் சுமையாவான் என்று அஞ்சினால், அவன் வந்த 40 நாள்களுக்குள் பாரிஷ் அதிகாரிகள் முறையிடலாம். நீதிபதிகள் இருவர் கையொப்பமிட்டு அவனைப் பழைய பாரிஷுக்கே அனுப்பிவிடலாம். அவன் குற்றம் ஏதும் செய்திருக்க வேண்டியதில்லை. உதவி கேட்டிருக்கவும் வேண்டியதில்லை. ஏழையாய் இருந்தாலே போதும்.

1691ஆம் ஆண்டின் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. புதிதாய்க் குடியேறியவனைப் பற்றிய அறிவிப்பு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தவுடன் ஆலயத்திலேயே வாசிக்கப்பட வேண்டும். அன்றிலிருந்தே 40 நாள்கள் எண்ணப்படும். நற்செய்தி வாசிக்கப்பட்ட அதே கூரையின்கீழ், சற்றுமுன் ஆசீர்வாதம் கூறப்பட்ட அதே சபையின் செவிகளில், ‘இவன் அந்நியன்’ என்னும் அறிவிப்பும் ஒலித்தது. 1697ஆம் ஆண்டின் சட்டப்படி பாரிஷின் உதவி பெறுவோர் தங்கள் வலத் தோளில் அடையாள எழுத்துகளை அணியவேண்டியதாயிற்று.

இச்சட்டத்தின் கொடுமையை மிகுதியாக அனுபவித்தவர்கள் கருவுற்ற ஏழைப் பெண்கள். மணமாகாத தாயின் பிள்ளை பிறந்த பாரிஷையே சேரும் என்பது அந்நாளைய விதி. ஆகவே பிரசவ வேளை நெருங்கிய பெண்ணை எவ்வாறாயினும் எல்லைக்கு அப்பால் கொண்டு விட்டுவிடப் பாரிஷ் அதிகாரிகள் விரைந்தனர். பெத்லகேமின் சத்திரத்தில் இடமில்லாமற் போனதை ஆண்டுதோறும் பிரசங்கித்த சபைகளில் இது நடந்தது. இதைச் செய்தவர்கள் திருச்சபையின் எதிரிகள் அல்லர், வார்டன்கள். அவர்கள் கொடியவர்களாகவும் இருந்திருக்க வேண்டியதில்லை. வரி செலுத்திய அயலாருக்குக் கணக்கு ஒப்புவிக்கவேண்டிய நேர்மையுள்ள மனிதராகவே பலர் இருந்திருப்பர். நம்மை அச்சுறுத்தவேண்டியதும் இதுவே.

இவ்வளவு கண்டிப்பினால் சிக்கனம் விளைந்ததா? இவன் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவன் என்று பாரிஷ்கள் ஒன்றோடொன்று வழக்காடியதில் பெரும்பணம் வீணாயிற்று. ஏழைகள் குடியேறாதபடி சில இடங்களில் நிலவுடைமையாளர் குடிசைகளையே இடித்தனர். பொருளியல் அறிஞர் ஆதாம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ என்னும் நூலில் இச்சட்டத்தை இயற்கைச் சுதந்திரத்திற்கு முரணான அநீதி என்று கண்டித்தார். 1795ஆம் ஆண்டிலேதான், ஒருவன் உண்மையில் உதவி பெறும் நிலைக்கு வருமுன் அவனை அகற்றலாகாது என்றும், நோயுற்றிருப்பவனை அகற்றும் ஆணையை நிறுத்திவைக்கலாம் என்றும் சட்டம் திருத்தப்பட்டது. நோயாளியைப் பயணத்தில் தள்ளுவது தகாது என்னும் எளிய உண்மையைச் சட்டத்தில் எழுத 133 ஆண்டுகள் ஆயின. மணமாகாத கர்ப்பிணிகளுக்கோ அத்திருத்தமும் பாதுகாப்பளிக்கவில்லை.

4. அந்நியரின் நண்பர்

இருண்ட இக்காலத்திலும் கர்த்தர் தமக்குச் சாட்சியில்லாதபடி விட்டுவிடவில்லை. யோவான் வெஸ்லி 1746இல் லண்டனில் ஏழைகளுக்கு இலவசமாக மருந்து வழங்கத் தொடங்கினார். மறு ஆண்டில் எளியோருக்கென ஒரு மருத்துவக் கையேட்டையும் வெளியிட்டார். 1785இல் லண்டன் மெதடிஸ்டுகள் ‘அந்நியரின் நண்பர் சங்கம்’ என்னும் அமைப்பை ஏற்படுத்தினர். பிரிஸ்டல் முதலிய பிற நகரங்களிலும் அது பரவியது. பாரிஷ் உரிமையோ உற்றாரோ இன்றி நோயில் கிடந்தவர்களை வீடுதேடிச் சென்று உதவுவது அதன் பணி. அதன் நோக்கத்தில் ஒரு தனிச்சிறப்பு இருந்தது. அச்சங்கம் மெதடிஸ்டுகளுக்காக ஏற்பட்டதன்று. தங்கள் கூட்டத்தைச் சேராத அந்நியருக்காகவே ஏற்பட்டது. தங்கள் அங்கத்தினரைத் தாங்க வேறு வழிகள் இருந்தன. பாரிஷ் யாரை விலக்கிற்றோ அவனே இச்சங்கத்தின் உதவிக்கு உரியவன். 1790இல் தம் நாட்குறிப்பில் வெஸ்லி இதனை மகிழ்வோடு குறிப்பிடுகிறார். ஒரே ஊரில், ஒரே வேதத்தை வாசித்த இருசாரார், நோயுற்ற அந்நியனிடம் எதிரெதிரான கேள்விகளைக் கேட்டனர். வார்டன், ‘நீ யாருடையவன்?’ என்றார். சங்கத்தார், ‘உனக்கு என்ன நோவு?’ என்றனர்.

நன்கொடையாளரின் பொருளால் நடைபெற்ற மருத்துவமனைகளிலும் முதற்கேள்வியே ஓங்கியிருந்தது. நன்கொடையாளர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் இல்லாதவனுக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. லண்டன் ஹோல்போர்னில் உள்ள புனித அந்திரேயா ஆலயத்தின் படிகளில் ஓர் இளம்பெண் சாகுந்தறுவாயில் கிடந்ததை வில்லியம் மார்ஸ்டன் என்னும் அறுவை மருத்துவர் கண்டார் என்பர். எம்மருத்துவமனையும் அவளை ஏற்கவில்லை, அவள் இறந்தாள். அந்நிகழ்ச்சியால் உள்ளம் உடைந்த மார்ஸ்டன், 1828இல் கடிதமும் கட்டணமும் கேட்காத மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். அதுவே ‘ராயல் ஃப்ரீ’ என்னும் பெயரால் இந்நாள்வரை லண்டனில் விளங்குவது. அப்பெண் கிடந்த இடம் ஆலயப் படி என்பதை நாம் மறத்தலாகாது.

5. 1948ஆம் ஆண்டும் அதன் பின்னும்

1948 ஜூலை 5ஆம் நாள் பிரித்தானியாவின் தேசிய மருத்துவப் பணி தொடங்கிற்று. தேசிய உதவிச் சட்டத்தினால், நூற்றாண்டுகளாக நிலவிய ஏழையர் சட்டம் முடிவுற்றதும் அதே நாளில்தான். நோயாளியைப் பாரிஷ் வாரியாகப் பிரித்த முறை மறைந்து, நோயின் தேவை ஒன்றையே கருதும் முறை பிறந்தது. மருத்துவம் வாங்குமிடத்தில் கட்டணம் இல்லை. அதன் செலவு பொதுவரியிலிருந்து வந்தது. அதற்குச் சரியாக 13 நாள்களுக்கு முன், ஜூன் 22ஆம் நாள், ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்னும் கப்பலில் வந்த மேற்கிந்தியத் தீவினர் பலநூற்றுவர் டில்பரித் துறைமுகத்தில் இறங்கியிருந்தனர். அத்தீவுகளிலிருந்தும் இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்தும் சென்ற செவிலியரும் மருத்துவரும் அம்மருத்துவப் பணியின் தூண்களாயினர்.

எனினும் பழைய கேள்வி உறங்கவில்லை. 1949ஆம் ஆண்டிலேயே, நாட்டில் வழக்கமாக வசிக்காதவரிடம் கட்டணம் பெறும் அதிகாரத்தைச் சட்டம் அரசுக்கு அளித்தது. சுகாதார அமைச்சராயிருந்த அனுரின் பெவன் இதைப் பற்றி 1952இல் எழுதுகையில் நடைமுறை சார்ந்த ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். அந்நியனைப் பிரித்தறிய வேண்டுமாயின் எல்லாரையும் சோதிக்கவேண்டும். அப்போது உள்நாட்டானும் தான் உள்நாட்டான் என்பதை மெய்ப்பிக்கும் நிலைக்கு ஆளாவான் என்பதே அது. முப்பதாண்டுகளுக்கு மேலாக அவ்வதிகாரம் பயன்படுத்தப்படவில்லை.

1982 அக்டோபரில் அயல்நாட்டாரிடம் மருத்துவமனைக் கட்டணம் வாங்கும் விதிகள் நடைமுறைக்கு வந்தன. எனினும் ஓராண்டு நாட்டில் வசித்தவனுக்கு விலக்கு இருந்தது. 2004இல் அவ்வசிப்பு ‘சட்டப்படியான’ வசிப்பாய் இருக்கவேண்டும் என்று சேர்க்கப்பட்டபோது, விசாக் காலம் முடிந்தவர்களுக்கு அக்கதவு அடைபட்டது. 2015 முதல் இத்தகையோரிடம் வழக்கமான செலவில் ஒன்றரை மடங்கு கேட்கப்பட்டது. 2017 அக்டோபர் முதல், உடனடித் தேவையில்லாத சிகிச்சைக்கு முன்கூட்டியே பணம் கட்டவேண்டும் என்பது இங்கிலாந்தின் மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமையாயிற்று. உடனடியாகத் தேவைப்படும் சிகிச்சையும் பிரசவமும் மறுக்கப்படலாகாது என்பது விதி. ஆனால் பட்டியல் பின்னால் வரும். 2016 முதல் 500 பவுனுக்கு மேற்பட்ட மருத்துவக் கடன், பின்னர்க் குடியேற்ற அனுமதி மறுக்கப்படுவதற்கும் காரணமாகலாம். 2017இல் நோயாளரின் முகவரி முதலிய விவரங்களை உள்துறைக்கு அளிக்கும் ஒப்பந்தமும் நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பு மிகவே 2018இல் கைவிடப்பட்டது.

நீதிக்காக மறுபக்கத்தையும் கூறவேண்டும். விசாவற்றவரும் பொதுநல மருத்துவரிடம் இலவசமாகக் காட்டிக்கொள்ளலாம். விபத்துப் பிரிவில் முதற்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. காசநோய் முதலிய தொற்றுநோய்களுக்கு யாவருக்கும் இலவச சிகிச்சை உண்டு. 2012 முதல் எச்.ஐ.வி. சிகிச்சையும் இதில் சேர்க்கப்பட்டது. கிருமி விசாவைப் பார்ப்பதில்லை என்பதை அரசு அறிந்திருக்கிறது. ஆயினும், நமக்கும் தொற்றும் என்பதால் அளிக்கப்படும் சிகிச்சை நமது தற்காப்பு. நமக்குத் தொற்றாத புற்றுநோயால் அந்நியன் வருந்தும்போது நாம் செய்வதிலேயே நமது இரக்கம் அளக்கப்படும்.

பெவன் கூறிய எச்சரிக்கை 2018இல் மெய்யாயிற்று. விண்ட்ரஷ் தலைமுறையினர் என வழங்கப்பெற்ற முதியோர் சிலர், சட்டப்படி வந்து பல்லாண்டு உழைத்து வரி செலுத்தியவராயிருந்தும், அதற்கான ஆவணம் இல்லாமையால் அந்நியராகக் கருதப்பட்டனர். அவர்களில் ஒருவரிடம் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சைக்கு முன் 54,000 பவுன் கேட்கப்பட்ட செய்தி அந்நாட்டின் மனச்சாட்சியை உலுக்கிற்று. அந்நியனுக்கென்று வைத்த கண்ணியில் வீட்டு மனிதனே அகப்பட்டான்.

6. எதிர்வாதங்கள்

இதுவரை கூறியவற்றால், எல்லைக் காவலே தவறு என்றோ செலவைப் பற்றிப் பேசுவதே பாவம் என்றோ நாம் முடிவு செய்தலாகாது. மூன்று மறுப்புகளுக்கு நாம் நேர்மையாக விடை கூறவேண்டும்.

முதலாவது, சட்டத்தை மீறியவனுக்கு நன்மை செய்வது சட்டத்தையே இழிவுபடுத்துவதாகும் என்பர். யார் தங்கலாம், யார் திரும்பவேண்டும் என்று தீர்மானிப்பது அரசின் உரிமை. ரோமர் 13ஐ வாசிக்கும் நாம் அதனை மறுக்கவில்லை. ஆனால் அத்தீர்ப்பை வழங்க நீதிமன்றமும் குடியேற்ற அலுவலகமும் உள்ளன. சிறையிலுள்ள குற்றவாளிக்கும் மருத்துவம் மறுக்கப்படுவதில்லை. அப்படியிருக்க, விசாக் காலம் கடந்தவனுக்கு மட்டும் நோயே தண்டனையாவது எவ்வாறு நியாயமாகும்?

இரண்டாவது, பணம் வரம்புள்ளது. ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றொருவனுக்குக் குறையும் என்பர். இம்மறுப்பு பாரமானது. வரிசையில் காத்திருக்கும் உள்நாட்டு ஏழையின் கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆயினும் தொடக்கத்தில் பார்க்கப்படாத நோய் முற்றியபின் விபத்துப் பிரிவிற்கு வருகையில் செலவு பெருகுவதன்றிக் குறைவதில்லை. பிரித்துப் பார்ப்பதற்கே பெரும்பணம் செலவாகும் என்பதையும் பாரிஷ்களின் வழக்குகள் நமக்குக் கற்பித்துள்ளன.

மூன்றாவது, இலவசம் என்றால் நோயாளிகள் உலகெங்குமிருந்து வந்து குவிவர் என்பர். வசதியுள்ளவன் சிகிச்சைக்கென்றே பயணம் செய்து வந்தால், அவனிடம் கட்டணம் வாங்குவதில் அநீதி இல்லை. நாம் பேசுவது அவனைப் பற்றியன்று. வயல்களிலும் சமையற்கூடங்களிலும் முதியோர் இல்லங்களிலும் உழைத்து, காகிதம் காலாவதியாகி, பட்டியலுக்கும் காவலுக்கும் அஞ்சி மருத்துவமனைப் படியேறாதவனைப் பற்றியே.

முடிவுரை

நல்ல சமாரியன் உவமையில் பணம் மறைக்கப்படவில்லை. சத்திரக்காரனுக்கு இரண்டு பணம் கொடுக்கப்பட்டது. மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்கும் அளிக்கப்பட்டது (லூக்கா 10:35). இரக்கத்திற்குச் செலவு உண்டு. யாரேனும் அதைக் கொடுத்தாகவேண்டும். ஆனால் அங்குள்ள ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் காயம் கட்டப்பட்டது, பின்பு சத்திரம், அதன் பின்பே கணக்கு. அடிபட்டவன் எவ்வூரான் என்று சமாரியன் விசாரித்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. 1662இலும் 2017இலும் தவறியது இவ்வொழுங்கே. பொதுப்பணத்தால் நடைபெறும் மருத்துவமனை, விசாக் காலம் முடிந்தவனுக்கும் காயம் கட்டவேண்டும். கணக்கு பிறகு வரட்டும்; அவனது குடியேற்ற வழக்கு வேறொரு வாசலில் நடக்கட்டும்.

இதை அந்நாட்டு அரசுக்குச் சொல்வது நமக்கு எளிது. நமக்கு நாமே சொல்லிக்கொள்வது கடினம். பாரிஷ் என்னும் பெயர் நம் சபைகளில் ‘சேகரம்’ என்றாயிற்று. அதன் எல்லைகளை நாமும் அறிவோம். நம் சேகரங்களில் ஏழையர் நிதி உண்டு. அதற்கு விண்ணப்பிப்பவன் நம் பதிவேட்டில் உள்ளவனா, சந்தா செலுத்தியவனா என்றுதான் நாம் முதலில் பார்க்கிறோம். மிஷனெரிமார் அந்நியரைத் தேடிச்சென்று தொடங்கிய மருத்துவமனைகளிலும், முன்பணம் கட்டும் சாளரத்தைக் கடந்தே நோயாளி மருத்துவரைக் காணும் நிலை பல இடங்களில் உள்ளது. அக்கணக்கை எழுதுவோரும் அந்நாளைய வார்டன்களைப் போல நேர்மையுள்ள மனிதரே.

நாளை சேகரங்களுக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கு ஒன்று கூறி முடிக்கிறோம். உங்கள் முதற்சேகரத்தின் ஏழையர் நிதிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். கடந்த ஆண்டில் நம் சபையைச் சேராத நோயாளி ஒருவனின் பெயர் அதில் உண்டா என்று தேடுங்கள். இல்லையாயின், அடுத்த சேகரக் கமிட்டியில் உங்கள் முதல் தீர்மானம் எதுவென்று உங்களுக்குத் தெரியும்.